இட்லிக் கொப்பரையில் ஒரு எரிமலை

சிவகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தீபாவளி ஆர்டர் எல்லாம் முடிந்து ஊரே கொஞ்சம் மூச்சு விடுகிற சமயம் என்று வைத்துக்கொள்வோம். காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி யூடியூபில் பார்த்து லாவா கேக் செய்ய இறங்குகிறாள். வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரில் கல் உப்பைக் கொட்டி, கேஸ்கெட்டும் வெயிட்டும் கழற்றி வைத்து, உள்ளே ஒரு ஸ்டாண்ட், அதன் மேல் நாலு கிண்ணம். வீடியோவில் பத்து நிமிடம் என்று சொன்னார்கள். பத்து நிமிடத்தில் எடுத்தால் கேக்கே இல்லை, சாக்லேட் கஞ்சி. சரி என்று இன்னும் அஞ்சு நிமிடம் வைத்து எடுத்தால் நடுவில் ஒரு சொட்டு கூட ஒழுகவில்லை. சாதாரண கேக்! அதுவும் அடி கருகின கேக். "ஓவன் இல்லாம இதெல்லாம் வராதுடி" என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிடுவார். அத்தோடு அந்த ஆசை மூடப்படும்.

இந்தத் தீர்ப்பு தப்பு. ஓவன் இல்லாதது இங்கே குற்றவாளியே இல்லை. ஓவன் உள்ளவர்களுக்காக ஒருவர் கண்டுபிடித்த முறையை, ஓவன் இல்லாத சமையலறையில் அப்படியே செய்து பார்த்ததுதான் குற்றம். இதே கேக்குக்கு இன்னொரு முறை இருக்கிறது. அதுதான் மூத்தது. அது நம் ஊர் அடுப்படிக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். ஆனால் அதைச் சொல்லித்தருகிறவர்கள்தான் குறைவு.

கொஞ்சம் பழைய கதை. பிரான்சில் லாகியோல் என்ற சின்ன ஊரில் மிஷேல் பிரா என்ற சமையல்காரர் 1981-ல் ஒரு சாக்லேட் பதார்த்தம் செய்தார். குளிரில் பனிச்சறுக்கு விளையாடிவிட்டு வந்த குடும்பம் சூடான சாக்லேட் குடித்தபோது இருந்த சந்தோஷத்தை ஒரு கேக்குக்குள் அடைக்க வேண்டும் என்று தோன்றியதாம். இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் பிடித்த வழி இது: சாக்லேட்டையும் க்ரீமையும் கலந்து உறைய வைத்த ஒரு உருண்டை, அதைச் சுற்றி கேக் மாவு. வேகும்போது மாவு கேக் ஆகும், உள்ளே இருக்கும் உருண்டை உருகிக் குழம்பாகும்.

இது நடந்து ஆறு வருடம் கழித்து 1987-ல் நியூயார்க்கில் ழான்-ஜார்ஜ் வொங்கரிஷ்டன் என்ற இன்னொரு சமையல்காரர் கேக்கை நேரத்துக்கு முன்னாலேயே ஓவனிலிருந்து எடுத்துவிட்டார். நடுவில் வேகாத மாவு ஒழுகியது. சாப்பிட்டவர்களுக்குப் பிடித்துவிட்டது. தவறே ஐட்டம் ஆகிவிட்டது! (ஜாக் டோரஸ் என்ற சாக்லேட் நிபுணர், இது ஏற்கனவே பிரான்சில் இருந்ததுதான், புதுக் கண்டுபிடிப்பெல்லாம் இல்லை என்று மறுத்தார். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம்.) உலகம் முழுக்கப் பரவியது இந்த இரண்டாவது முறைதான். காரணம் சுலபம். உருண்டை பிடித்து உறைய வைக்கிற வேலை இல்லை. ஒரே மாவு, ஒரே கிண்ணம், சீக்கிரம் எடுத்தால் லாவா. இந்தியாவில் டோமினோஸ் கடைகளின் சோக்கோ லாவா கேக் வழியாக இந்தப் பெயர் சின்ன ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் கையில் கிடைத்ததோ அமெரிக்க முறை.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமையல் ரசனை என்று நினைத்தால் விஷயம் புரியாது. இது முழுக்க முழுக்கச் சூட்டின் கணக்கு. கேக் மாவு சூட்டில் இறுகும். க்ரீம் கலந்த சாக்லேட், அதாவது கனாஷ், சூட்டில் இளகும். அமெரிக்க முறையில் நடுவில் இருப்பது மாவு. ஒவ்வொரு நிமிடமும் அது இறுகிக்கொண்டே வருகிறது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து சரியான இடத்தில் குதிப்பது மாதிரி சரியான நொடியில் எடுக்க வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் கஞ்சி, ஒரு நிமிடம் பிந்தினால் கட்டி. பிரா முறையில் நடுவில் இருப்பது கனாஷ். இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வைத்தாலும் அது கேக்காக மாறப்போவதில்லை. இன்னும் நன்றாக உருகும், அவ்வளவுதான்.

ஓவனில் 200 டிகிரி என்று திருகி வைத்தால் அது 200-ஐ ஒட்டியே நிற்கும். குக்கரில் யார் நிறுத்தி வைப்பது? சிலிண்டர் தீரப்போகிற நாளில் ஒரு தீ, புது சிலிண்டர் மாட்டின நாளில் ஒரு தீ. உப்பு எவ்வளவு கனம், குக்கர் அலுமினியமா ஸ்டீலா, மூடியை எத்தனை தடவை திறந்து பார்த்தார்கள் (எல்லோரும் திறப்பார்கள்!) என்று ஆயிரம் இருக்கிறது. இந்த நிலையில் ஒரு நிமிடத் துல்லியத்தைக் கேட்கிற முறையை எடுத்துக்கொண்டால் தோற்கத்தான் செய்யும். தோற்பதற்கு விலையும் உண்டு. நாலு கேக்கில் ஒன்று கஞ்சியாகவும் ஒன்று கட்டியாகவும் போனால், மிச்சம் இரண்டின் அடக்கவிலை அப்படியே இரண்டு மடங்கு. சாக்லேட், வெண்ணெய் விலை தெரிந்தவர்களுக்கு இது விளையாட்டு இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: முட்டை. அமெரிக்க முறையில் நடுவில் ஒழுகுவது வேகாத மாவு என்றால், அதற்குள் இருப்பது வேகாத முட்டை. முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் அது சாக சுமார் 71 டிகிரி சூடு வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்புக் கணக்கு. ஆனால் மாவு முழுக்க அந்தச் சூட்டை எட்டிவிட்டால் அது இறுகத் தொடங்கி, லாவா என்பதே காணாமல் போய்க்கொண்டிருக்கும். லாவாவும் வேண்டும், முட்டையும் நன்றாக வெந்திருக்க வேண்டும் என்றால் இந்த முறையில் இரண்டும் சண்டை போடும். நாமக்கல்லில் இருந்து வருகிற முட்டை மளிகைக் கடை வாசலில் வெயில் அடிக்கிற இடத்தில் அட்டையோடு அடுக்கி இருப்பதை விருதுநகர் மாவட்டத்தில் பார்க்காதவர் யார்? சித்திரை வைகாசியில் அந்த வாசலில் என்ன சூடு என்பதும் தெரியும். நல்ல உடம்போடு இருக்கிற இருபது வயதுக்காரர் ஒருவேளை தப்பித்துக்கொள்வார். ஆனால் வீட்டில் கேக் என்றால் முதல் துண்டு யாருக்குப் போகிறது? சின்னப் பிள்ளைகளுக்கு. அடுத்தது தாத்தா பாட்டிக்கு. மாசமாக இருக்கிற அக்கா இருந்தால் அவருக்கு ரெண்டு துண்டு! யாருக்குக் கொடுக்கக் கூடாதோ அவர்களுக்குத்தான் முதலில் கொடுக்கிறோம்.

பிரா முறையில் இந்தச் சண்டையே இல்லை. முட்டை இருப்பது சுற்றியுள்ள கேக்கில் மட்டும். அது முழுசாக வேகலாம், வேக வேண்டும். நடுவில் ஒழுகுவது சாக்லேட்டும் க்ரீமும்தான்.

சரி, ஓவனுக்கு என்ன செய்வது? இங்கேதான் எல்லோர் வீட்டிலும் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு அற்புதமான கருவியைச் சொல்ல வேண்டும். இட்லிக் கொப்பரை. சிரிக்க வேண்டாம். தண்ணீர் கொதித்தால் ஆவி 100 டிகிரி. தீயை எவ்வளவு கூட்டினாலும் மூடியை இறுக்கி அடைக்காத பாத்திரத்தில் அது 100-ஐத் தாண்டாது, தண்ணீர் வேகமாக வற்றும், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் காசு போட்டு வாங்குகிற ஓவனில் ஒரு தெர்மோஸ்டாட் செய்கிற வேலையை இங்கே தண்ணீர் இலவசமாகச் செய்கிறது. அடி கருகாது. நாலு கிண்ணத்துக்கும் ஒரே சூடு. இட்லி வேகும் நேரம் நம் அம்மாக்களுக்குக் கடிகாரம் இல்லாமல் தெரிவதற்குக் காரணமே இதுதான், சூடு தினமும் ஒன்றாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் புட்டிங் என்றாலே பல வகைகள் காலங்காலமாக ஆவியில்தான் வேகின்றன. ஆக, சாக்லேட் புட்டிங்கை ஆவியில் வேக வைப்பது ஏழைக்கேற்ற எள்ளுருண்டை சமாச்சாரம் இல்லை. அதுவும் ஒரு முறையான முறைதான்.

வெளியூர் வித்தையை ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்வது சிவகாசிக்குப் புதிதும் இல்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு 1923-ல் ஊர் திரும்பினார்கள். இங்கே தொழில் வேரூன்றியது கல்கத்தா மாதிரியே நடத்தியதால் இல்லை. மழை குறைந்த வறண்ட காற்றும், கைவேலையும் என்று இந்த ஊரில் எது இருந்ததோ அதை வைத்து நடத்தியதால்தான். அவ்வளவு பெரிய விஷயத்தோடு ஒரு கேக்கை ஒப்பிடலாமா என்று கேட்டால்... ஒப்பிடலாம், தப்பில்லை.

அடுத்தது சாக்லேட். இங்கே ஊர்ச் சூடு மறுபடி குறுக்கே வரும். சாக்லேட்டில் இருக்கிற கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். வாயில் போட்டதும் கரைவதற்கு அதுதான் காரணம். சிவகாசியில் கோடையில் 38 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஆக, நல்ல சாக்லேட்டை ஃப்ரிட்ஜ் இல்லாத கடையில் அடுக்கவே முடியாது. அதனால்தான் பேக்கரி சாமான் விற்கும் கடைகளில் கட்டிகட்டியாகக் கிடைப்பது பெரும்பாலும் காம்பவுண்ட். கோகோ வெண்ணெய்க்குப் பதில் பனை வகை எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பு சேர்த்தது. வெயில் தாங்கும், விலை குறைவு. ஆனால் நாக்கில் மெழுகு மாதிரி ஒரு படலம் நிற்கும். கேக் கொஞ்சம் ஆறியதும் லாவா மளமளவென்று கெட்டியாகிவிடும்.

எது என்ன என்று கண்டுபிடிக்க லேபிளைப் பார்த்தால் போதும். உட்பொருள் பட்டியலில் கோகோ வெண்ணெய் இருக்கிறதா, இல்லை ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு இருக்கிறதா? நாட்டுக்கே லேபிள் அச்சடித்துக் கொடுக்கிற ஊர்க்காரர்களுக்கு லேபிள் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நல்ல சாக்லேட் ஏன் இவ்வளவு விலை என்றால், உலகத்தின் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே மழை தப்பியும் மரத்துக்கு நோய் வந்தும் விளைச்சல் படுத்ததால், பல வருடங்கள் டன் 2,000 - 3,000 டாலர் என்று இருந்த கோகோ 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் 12,000 டாலரைத் தாண்டியது. 2025-ல் இறங்கியது. ஆப்பிரிக்காவில் மழை பெய்யாவிட்டால் சிவகாசிக் கேக்கின் அடக்கவிலை ஏறுகிறது. நம் நாட்டில் கோகோவே இல்லையா என்றால், இருக்கிறது. 1965-ல் காட்பரி கம்பெனி வயநாட்டில் மாதிரித் தோட்டம் போட்டதிலிருந்து கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தமிழ்நாடு என்று பரவியது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராக வளர்கிறது. அந்தப் பக்கத்துக் கோகோவில் செய்த சாக்லேட்டும் விற்பனைக்கு வருகிறது, ஆனால் விலையைப் பார்த்தால் கேக்கில் கொட்ட மனசு வராது.

இதற்கு ஒரு சிக்கனமான வழி இருக்கிறது. பிரா முறையில் சாக்லேட் இரண்டு இடத்தில் போகிறது. வெளியே கேக்கில் ஒன்று, உள்ளே உருண்டையில் ஒன்று. வெளியே முட்டை, மைதா, வெண்ணெய் எல்லாம் சேர்ந்து வேகும்போது காம்பவுண்டின் குறை அவ்வளவாகத் தெரியாது. உள்ளே ஒழுகுவதுதான் நேராக நாக்கில் விழுகிறது. ஆக, வெளியே 100 கிராம் காம்பவுண்ட், உள்ளே 50 கிராம் நிஜ டார்க் சாக்லேட். காசை நாக்குக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் செலவழிப்பது! அமெரிக்க முறையில் இந்த வசதி கிடையாது. ஒரே மாவு என்பதால் எல்லாவற்றையும் நல்ல சாக்லேட்டில் செய்தாக வேண்டும்.

செய்முறை. 50 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, அதில் 40 மில்லி க்ரீமைச் சூடாக்கி ஊற்றிக் கலக்க வேண்டும். கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமே போதும். கட்டி இல்லாமல் பளபளவென்று வந்ததும், ஐஸ் டிரேயில் நாலு குழியில் பாலித்தீன் தாளை விரித்து அதில் ஊற்றி ஃப்ரீசரில் மூன்று மணி நேரம். தாள் விரிக்க மறந்தால் குழியிலிருந்து எடுக்கக் கத்தியோடு மல்லுக்கட்ட வேண்டி வரும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரே தாராளம். முதல் நாள் ராத்திரியே செய்து வைத்துவிட்டால் மறுநாள் கரண்ட் போனாலும் சீக்கிரம் உருகிவிடாது.

மாவுக்கு 100 கிராம் காம்பவுண்டும் 60 கிராம் வெண்ணெயும் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விட வேண்டும். இரண்டு முட்டை, 40 கிராம் பொடித்த சீனி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அடித்து அதில் கலந்து, கடைசியாக 50 கிராம் மைதாவும் கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் சலித்துப் போட்டால் மாவு தயார். இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். நீர்த்துப் போனால் உருண்டை அடியில் போய் உட்கார்ந்து, கவிழ்க்கும்போதே எரிமலை தலைகீழாக வெடிக்கும்! வெண்ணெய் தடவி மைதா தூவின நாலு ஸ்டீல் கிண்ணத்தில் பாதி மாவு, நடுவில் உறைந்த உருண்டை, மேலே மீதி மாவு. கிண்ணத்தின் முக்கால் அளவுக்கு மேல் போகக் கூடாது.

கொப்பரையில் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகுதான் கிண்ணங்களை வைக்க வேண்டும். மூடிக்கு அடியில் இட்லித் துணியைக் கட்டினால் ஆவித் தண்ணீர் சொட்டாது. இதைச் செய்யாமல் விட்டால் மேலே குழி குழியாகச் சொதசொதப்பாகிவிடும், சத்தியமாக. 20 நிமிடம். குச்சியை நடுவில் குத்தக் கூடாது, ஓரத்திலிருந்து ஒரு விரல் அளவு உள்ளே தள்ளிக் குத்திப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் இறக்கலாம். சந்தேகமாக இருந்தால் இன்னும் மூன்று நிமிடம் வைத்தாலும் நஷ்டமில்லை. இறக்கி இரண்டு நிமிடம் விட்டு, கத்தியால் ஓரத்தைச் சுற்றி விட்டு, தட்டில் கவிழ்க்க வேண்டியதுதான். சூடாகவே சாப்பிட வேண்டும்.

முட்டை சாப்பிடாத வீடுகளுக்கும், செவ்வாய் வெள்ளிக்கு முட்டை தொடாத வீடுகளுக்கும் இதில் வழி உண்டு. இரண்டு முட்டைக்குப் பதில் அரை கப் கெட்டித் தயிர், பேக்கிங் பவுடரோடு ஒரு சிட்டிகை சோடா உப்பு. கேக் சற்று அடர்த்தியாக வரும். லாவாவுக்கு ஒரு குறையும் வராது, ஏனென்றால் லாவாவுக்கும் முட்டைக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்க முறையை முட்டை இல்லாமல் செய்யப் போனால் தலைவலிதான்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. ஓவனில் சுட்ட கேக்கின் மேலே ஒரு மெல்லிய மொறுமொறுப்பு வரும், ஆவியில் அது வரவே வராது. மேல்பாகம் இட்லி மாதிரி மென்மையாகத்தான் இருக்கும். அந்த மொறுமொறுப்புதான் உயிர் என்கிறவர்கள் ஓடிஜி வாங்கிக்கொள்ளட்டும், வாங்கினாலும் உள்ளே உறைந்த உருண்டையை வைக்கட்டும். "நிஜ லாவா கேக் என்றால் மாவுதான் ஒழுக வேண்டும், இது டூப்ளிகேட்" என்று சொல்பவர்களும் உண்டு. 1981 முதலா, 1987 முதலா என்று அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சாக்லேட்டே வேண்டாம் என்றாலும் இந்த முறை கை கொடுக்கும். சிவகாசியிலிருந்து 20 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. பாலும் சீனியும் மட்டும் போட்டுக் கிண்டியது. அதில் நாலு ஸ்பூன் எடுத்து, கொஞ்சம் சூடான பால் விட்டுக் கூழாக்கி, அதே ஐஸ் டிரேயில் உறைய வைத்து, சாக்லேட் உருண்டைக்குப் பதிலாக வைக்கலாம். இது சாக்லேட் மாதிரி ஓடாது, மெதுவாக அசைந்து வரும். கறுப்புக் கேக்குக்குள் இருந்து வெள்ளையாக அது வருவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். இனிப்பு தூக்கலாக இருப்பதால் மாவில் சீனியைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும்.

2020 ஊரடங்குக்குப் பிறகு வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர்கள் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாட்ஸப் ஸ்டேட்டஸ்தான் கடை. அவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். வீட்டில் செய்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும் என்பது சட்டம், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அரைவேக்காட்டு லாவா கேக்கை டெலிவரிக்கு அனுப்பினால் அது டப்பாவுக்குள் தன் சூட்டிலேயே இறுகிக்கொண்டே போகும், வாங்கியவர் திறக்கும்போது லாவா இருக்காது. இறுகாமல் அப்படியே இருந்தால், வேகாத முட்டை மாவு அரை மணி நேரம் வெயிலில் வண்டியில் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம், அது அதைவிட மோசம். உறைந்த உருண்டை வைத்து முழுசாக வெந்த கேக்கை ஆற வைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுக்கலாம். வாங்கியவர் இட்லித் தட்டில் ஆறு ஏழு நிமிடம் ஆவி காட்டினால் கனாஷ் மறுபடி உருகும். டப்பாவின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் அந்த ஒரு வரியையும் சேர்த்து அச்சடிக்கச் சொன்னால் போதும். ஸ்டிக்கர் அடிக்க சிவகாசியில் இடத்துக்கா பஞ்சம்.